மட்டக்களப்பு கல்லடி பீச்சில சர்ஃபிங் செய்யலாமா, இல்ல அறுகம்பைக்குத்தான் போகணுமா?

செய்யலாம். ஆனா வீடியோவில பார்த்த, பொத்துவில் பக்கம் இருக்கிற அறுகம்பை அலைய மனசில வச்சிக்கொண்டு கல்லடிக்கு வந்தா ஏமாந்துதான் போவீங்க. நான் கோச் ஒண்டும் இல்ல, கல்லடியில பிறந்து வளர்ந்தவன், "நீ யாரு சொல்ல" எண்டு சண்டைக்கு வாறாக்கள் இப்பவே போகலாம்.

அறுகம்பையில தெற்கால வாற அலை, கடலுக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்கிற முனையைச் சுத்தி வளைஞ்சு ஒரு பக்கத்தில இருந்து உடைஞ்சுகொண்டே போகும், அதால நீளத்துக்கு ஓடலாம். கல்லடியில முனையும் இல்ல ஒண்டும் இல்ல, வெறும் மணல், தண்ணிக்கு அடியில இருக்கிற மணல் திட்டு இண்டைக்கு ஓரிடம் நாளைக்கு ஓரிடம், அலை கரை நீளத்துக்கும் ஒரேயடியா மடிஞ்சு விழும். போர்ட்டில எழும்ப முன்னமே கதை முடிஞ்சிரும்.

அதுக்காக அலையே இல்ல எண்டு சொன்னா எனக்குக் கோபம் வரும். கச்சான் காலத்தில, அதாவது தென்மேல் காத்து அடிக்கிற மாசங்களில, கொழும்பில இருந்து வந்த கூட்டாளி ஒருத்தன் ஃபோன்ல அலை நிலவரம் சொல்ற ஆப்பைக் காட்டி "மச்சான் ஃப்ளாட்டா கிடக்குடா" எண்டு சிரிச்சான். விடிய முன்னமே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனன். அந்த நேரம் காத்து கரையில இருந்து கடலுக்கு அடிக்கும், அலை குலையாம நிமிர்ந்து வரும். கரைவலை இழுத்துக்கொண்டு நிண்ட மாமா ஒராள், "தம்பி, கயிறு கிடக்கிற பக்கம் வராதீங்க, அங்கால திட்டு விழுந்திருக்கு, அலை சாஞ்சு உடையுது பாருங்க" எண்டு கைய நீட்டிக் காட்டினாரு. இது எந்த ஆப்பில இருக்கு? இடுப்பளவு அலைதான், ஆனா அவன் எழும்பி நிண்டு கரை வரைக்கும் வந்தான், மறுகா வாயே திறக்கல்ல. வெயில் ஏற கடல்காத்து திரும்பிரும், எல்லாம் குழம்பிரும், அதுக்குப் பிறகு வந்து ஏசாதீங்க.

கடல் இழுக்கிற இடத்தையும் தெரிஞ்சு வச்சிக்கோங்க: ரெண்டு பக்கமும் அலை உடைய, நடுவில உடையாம கலங்கின தண்ணி வெளிய போற இடம் தெரியும். அமைதியா இருக்கெண்டு நம்மட சனம் அங்கதான் குளிக்க இறங்கும், இழுக்கிறதும் அங்கதான். மாட்டினா கரையப் பார்த்து நீந்தாதீங்க, கரையோட ஒட்டின திசையில பக்கத்தால நீந்தி வெளிய வாங்க. முகத்துவாரம் பக்கம் வேணவே வேணாம். வாடை தொடங்கிட்டா, அதாவது நவம்பருக்குப் பிறகு, கல்லடியையும் மறந்துருங்க.

அறுகம்பைக்கு போறதெண்டா மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் நல்லம், புதுசா பழகிற ஆள் எண்டா அங்க பேபி பொய்ன்ட் எண்ட சின்ன அலை இடத்துக்குப் போங்க. ஆனா நூறு கிலோமீட்டருக்கு மேல பஸ்ஸில குலுங்கிப் போய் இறங்கின எங்களுக்கு ஒரு இடத்தில ரூம் இல்லையாம், பின்னால வந்த வெள்ளைக்காரச் சோடிக்கு உடனே சாவி. கேட்டா அவங்க புக்கிங்காம். பேக்க முதுகில போட்டுக்கொண்டு தெருவில நிண்டு விலை கேட்ட அந்தச் சோடிக்கு என்ன புக்கிங்? அதால பொத்துவில் டவுன்ல தங்கிட்டு விடியக்காலமே த்ரீவீல்ல போங்க, காசும் மிச்சம்.