பட்டறைக்காரர் பதில்கள்: வெயிலில் வெளுத்த சிவப்பு

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். வழி பார்ப்பதற்காகக் கைப்பிடி அருகே ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் என் போனின் அலுமினிய முதுகு வாங்கும்போது நல்ல சிவப்பு. இப்போது வெயில் படும் இடமெல்லாம் வெளிறிப் பழுப்பேறிவிட்டது. ஸ்டாண்ட் மறைத்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. மட்டமான பெயிண்டா? வெயிலுக்கு வெளுக்காத பூச்சு உண்டா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அது பெயிண்டே அல்ல, தம்பி. அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் மேலே ஆக்சைடு படலம் வளரும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவற்றில் சாயம் ஏற்றி, பிறகு கொதிநீரில் முக்கித் துளைகளின் வாயை அடைப்போம். அனோடைசிங் என்பது இதுதான். நகத்தால் சுரண்டினால் வராது, கழுவினால் போகாது. ஆனால் படலம் ஒளி ஊடுருவக்கூடியது. புற ஊதாக் கதிர் தாராளமாக உள்ளே போய்ச் சாய மூலக்கூறுகளை உடைக்கும். உடைந்த மூலக்கூறு நிறத்தை இழக்கும்.

எல்லாச் சாயமும் ஒன்றல்ல. ஒளி தாங்கும் திறனை 1 முதல் 8 வரை தரம் பிரிப்பார்கள். 8 தான் உசத்தி. பட்டறையில் புதுச் சாயம் வந்தால் மாதிரித் தகட்டில் ஏற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி மொட்டை மாடியில் போட்டுவிடுவேன். ரோஸும் ஊதாவும்தான் முதலில் மானத்தை வாங்கும். இரும்பு உப்பில் ஊறிய பொன்னிறம் அசையாது. அது வெயிலில் உடையும் கரிமச் சாயம் (கார்பன் சேர்மங்களால் ஆன சாயம்) இல்லை.

சாயமே இல்லாத நிறங்களும் உண்டு. டைட்டானியத்தில் ஆக்சைடு படலத்தின் தடிமனே நிறத்தைத் தீர்மானிக்கும், சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதைப் போல. கைக்கடிகாரங்களில் வெற்றிட அறையில் படியவைக்கும் டைட்டானியம் நைட்ரைடு இயல்பிலேயே தங்க நிறம். இவற்றில் வெயில் உடைப்பதற்குச் சாயம் ஏது? கீறலுக்குத்தான் பயப்பட வேண்டும். கடையில் “யு.வி. புரூஃப்” என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், நிறம் எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

உங்கள் போனில் போன நிறம் திரும்பாது. மெழுகு, பாலிஷ் எல்லாம் பளபளப்புக்குத்தான். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற ஒளி புகாத கறுப்பு கவர் போடுங்கள். கண்ணாடி கவரால் பெரிய பயன் இல்லை. அடுத்த போனைச் சாயம் ஏற்றாத வெள்ளி நிறத்தில் வாங்குங்கள். இன்னொன்று: நிறத்தைவிட பேட்டரிக்குத்தான் நேர்வெயில் கெடுதல். ஐபோனையே 35 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் ஸ்டாண்டை நிழல் விழும் பக்கமாக மாற்றிவிடுங்கள்.