செப்பாங் ரேஸ், பத்துமலை, மலாக்கா: எதை முதலில் வைப்பது?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் பாளையங்கோட்டை. மலேசியாவில் செப்பாங்ல நடக்கிற மோட்டோஜிபி பைக் ரேஸை நேரில் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். அம்மா கேட்டது பத்துமலை முருகன். அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், அவருக்கு மலாக்கா பார்க்கணுமாம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. வியாழன் காலையில் இறங்கி, செவ்வாய்க்கிழமை திரும்பலாம்னு நினைக்கிறேன். எதை முதல்ல வைக்க?

பதில்: மலாக்காவை முதலில் வையுங்கள், பத்துமலையைக் கடைசியில். வழக்கமாக எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கோலாலம்பூரில் அறை போட்டு, வியாழன் பத்துமலை, மூன்று நாள் ரேஸ், திங்கள் மலாக்கா என்று போனால் மலாக்கா வீணாகிவிடும். அங்கே அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் திங்கள்தான் விடுமுறை. ஜோங்கர் தெரு இரவுச் சந்தையும் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான். வரலாற்று வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைக் காட்டுவதில் என்ன பயன்?

வரைபடத்தைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், செப்பாங் மாவட்டத்தில் இருக்கிறது. ரேஸ் தடமும் அதன் பக்கத்தில்தான். மலாக்கா இன்னும் தெற்கே. ஆகவே இறங்கியதும் வடக்கே கோலாலம்பூருக்கு ஏறாமல், விமான நிலையத்திலிருந்தே மலாக்கா சென்ட்ரல் போகும் பேருந்தைப் பிடியுங்கள். சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பழைய நகருக்கு, போன் செயலியில் அழைக்கும் கிராப் கார். பிறகு தெற்கிலிருந்து வடக்காக, வழியில் ரேஸ், முடிவில் பத்துமலை என்று போனால் ஒரே சாலையில் இரண்டு முறை அலைய வேண்டாம்.

வியாழனும் வெள்ளியும் மலாக்காவுக்கே. வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தை விட வேண்டுமா என்று உங்களுக்கு மனசு கேட்காதுதான். ஆனால் 2023-இல் சனிக்கிழமை ஸ்பிரிண்ட் என்ற பாதித் தூரக் குட்டி ரேஸ் வந்த பிறகு, நேரில் பார்த்தே ஆக வேண்டியது சனியும் ஞாயிறும்தான். சனியன்று காலை பதினொன்றை ஒட்டித் தகுதிச் சுற்று, பிற்பகலில் 10 சுற்று ஸ்பிரிண்ட். ஞாயிறு மோட்டோ3, மோட்டோ2 என்ற கீழ்ப்பிரிவு ரேஸ்கள், பிறகு 20 சுற்று முதன்மை ரேஸ். வெள்ளியன்று யார் நேரடியாக இரண்டாம் தகுதிச் சுற்றுக்குள் போனார் என்பதைப் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

மலாக்காவில் அப்பாவுக்கு இரண்டு இடத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்று, 1781-இல், டச்சுக்காரர் ஆட்சியில் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி கோயில். மலாக்கா செட்டிகள் என்று அழைக்கப்படும் சமூகத்தின் கோயில் அது. அங்கேயே மணமுடித்துத் தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையார், மாரியம்மன். அதே தெருவை ஒட்டிக் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. எல்லாம் நடக்கும் தூரம், சமதளம், முழங்காலுக்குத் தொந்தரவில்லை. இன்னொன்று, புனித பவுல் குன்றின் மேலுள்ள இடிந்த தேவாலயம். மணப்பாட்டுக் குகையில் தங்கியவர் என்று நம்மூர்க் கடற்கரை கொண்டாடும் பிரான்சிஸ் சவேரியாரின் உடலை 1553-இல் கோவாவுக்குக் கொண்டு போகும் முன் சில மாதங்கள் புதைத்து வைத்திருந்தது இங்கேதான். சின்னக் குன்றுதான் என்றாலும் படிகள் உண்டு. காலையில் வெயில் ஏறுமுன் மெல்ல ஏறட்டும். முடியாவிட்டால் அடிவாரத்து சாந்தியாகோ வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் இன்று நிமிர்ந்து நிற்கும் வாசல் அது ஒன்றுதான்.

சனிக்கிழமைதான் சிக்கலான நாள். பெட்டிகளோடு ரேஸ் தடத்துக்குள் போக முடியாது. பேருந்தில் போனால் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தடத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். விடுதியில் சொல்லி ஒரு காரை முந்தின நாளே பேசிவிடுங்கள். காலை ஏழரைக்குக் கிளம்பினால், நெடுஞ்சாலையில் வந்து உங்களைத் தடத்து வாசலில் இறக்கிவிட்டு, அதே கார் அப்பா அம்மாவையும் பெட்டிகளையும் கோலாலம்பூர் கொண்டு சேர்க்கும். வாடகை சற்று அதிகம்தான். மூன்று பேர் கணக்கில் அது நியாயமான செலவு.

தனியாக வருகிறவர்களுக்கு நீலாய் அல்லது சாலாக் திங்கியில் தங்கச் சொல்வது வழக்கம். தடத்துக்கு அருகில், அறையும் மலிவு. உங்களுக்கு அது சரிப்படாது. பெற்றோர் இரண்டு நாள் தனியாக இருக்க வேண்டும் என்பதால் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுங்கள். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. கடைக்காரர் தமிழ் பேசுவார், சைவச் சாப்பாடு கிடைக்கும், கோயிலும் நடையில் இருக்கிறது. ஞாயிறு காலை நீங்கள் மட்டும் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறிச் சாலாக் திங்கியில் இறங்கலாம். ஏறும்போது கவனம்: ‘எக்ஸ்பிரஸ்’ வண்டி இடையில் எங்கும் நிற்காமல் விமான நிலையத்துக்கே போய்விடும், ‘டிரான்சிட்’ வண்டிதான் சாலாக் திங்கியில் நிற்கும். அங்கிருந்து தடத்துக்கு நடக்க முடியாது, கார் வேண்டும். ரேஸ் நாட்களுக்கான சிறப்புப் பேருந்துகள் எங்கிருந்து புறப்படும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிக்கெட் வாங்கிய தளத்தில் அந்த வாரம் பார்த்துவிடுங்கள்.

இருக்கை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். புல்மேட்டு டிக்கெட் மலிவு, ஆனால் கூரை கிடையாது. ஐப்பசியில் அங்கே பிற்பகல் இடிமழை சகஜம். இதே தடத்தில் 2009 ஃபார்முலா 1 ரேஸ் மாலை ஐந்துக்குத் தொடங்கி, மழையில் நின்று, வெளிச்சமும் போய், பாதிப் புள்ளியோடு முடிந்தது. முதன்மை கிராண்ட்ஸ்டாண்டில் கூரை உண்டு. முன்வரிசையில் சாரல் அடிக்கும், எனவே மேல்வரிசையைப் பாருங்கள். தடத்தின் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளுக்கு நடுவில் நிற்கும் கட்டடம் அது. பிட், அதாவது அணிகள் பைக்கைத் தயார் செய்யும் பகுதி, அந்தப் பக்கம் பார்த்த இருக்கையே என் பரிந்துரை. ரேஸ் நடக்கும்போது மழை வந்து, பைக் மாற்றலாம் என்று வெள்ளைக் கொடி காட்டினால், வீரர்கள் ஒவ்வொருவராகப் பிட்டுக்குள் வந்து, ஓட்டி வந்த பைக்கிலிருந்து குதித்து, மழை டயர் மாட்டித் தயாராக நிற்கும் இரண்டாவது பைக்கில் தாவி ஏறிப் பறப்பார்கள். சில நொடி வேலைதான். டிவியில் ஒருவரைத்தான் காட்டுவான், அங்கே உட்கார்ந்தால் வரிசையாகப் பார்க்கலாம். மோதலும் முந்தலும்தான் வேண்டும் என்றால் முதல் இரண்டு வளைவுகளைப் பார்த்த கே1 ஸ்டாண்ட்.

குடைக்குப் பதில் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். பின்னால் இருப்பவரை மறைக்கும் குடையை யாரும் விரிக்க விடமாட்டார்கள். காதடைப்பான் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும் பஞ்சு வகை போதும், ஆனால் கட்டாயம். டிக்கெட்டின் க்யூஆர் குறியீட்டை முன்பே படம் பிடித்து வையுங்கள். கூட்டத்தில் நெட் இழுக்காது.

ரேஸ் நாலு மணிக்குள் முடிந்துவிடும், விமான நிலையம் பக்கத்தில்தானே என்று சிலர் ஞாயிறு மாலையே விமானம் போடுகிறார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே நேரத்தில் வெளியேறும்போது அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராப் கட்டணமும் அப்போதுதான் எகிறும். பரிசளிப்பு முடிந்து ஒரு மணி நேரம் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

திங்கள் காலை பத்துமலை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கோயில் வளாகத்தை ஒட்டியே கொண்டுவிடும் கேடிஎம் புறநகர் ரயில் இருக்கிறது. ஏழரைக்குள் போய்ச் சேர்ந்தால் வெயிலும் கூட்டமும் குறைவு. குகைக்கு 272 படி. பண்பொழித் திருமலையின் அறுநூற்றுச் சொச்சத்தோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை, ஆனால் செங்குத்து, படிகளும் ஒடுக்கம். முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அப்பா கீழேயே 140 அடி முருகனையும் அடிவாரச் சன்னதிகளையும் பார்க்கட்டும். அம்மாவோடு நீங்கள் ஏறுங்கள். பூ, தேங்காய், பிளாஸ்டிக் பை எதைக் கையில் தொங்கவிட்டாலும் குரங்கு பறித்துவிடும். முழங்கால் தெரியும் உடுப்போடு மேலே விடமாட்டார்கள்.

தேதி முடிவு செய்யுமுன் பஞ்சாங்கத்தையும் ஒரு தரம் புரட்டுங்கள். இந்த ரேஸ் வழக்கமாக அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும். 2025-இல் ரேஸ் அக்டோபர் 26, திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் மறுநாள். அம்மா சஷ்டி விரதம் இருப்பவர் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். தீபாவளி, சஷ்டி நெருக்கத்தில் நெல்லை ரயில்களில் இடம் கிடைப்பதும் கஷ்டம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். திருச்சி, திருவனந்தபுரம் இரண்டிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றென்றால் திருவனந்தபுரமே வசதி. ரயில் கிடைக்காவிட்டாலும் நாகர்கோவில் வழியாகக் காரில் போய்விடலாம்.

இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மூவருக்கும் தனித்தனியாக மின்னணு வருகை அட்டையை நிரப்புங்கள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.