முதல் தையல் மெஷின்: 10,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம்?

தையல் வகுப்பில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள், பிளவுஸும் தலையணை உறையும் தைத்தால் போதும் என்கிறீர்கள். அப்படியானால் காலால் மிதிக்கும் கறுப்பு இரும்பு மெஷினையே வாங்குங்கள். ஸ்டாண்டோடு சேர்த்தே உங்கள் பணத்துக்குள் அடங்கிவிடும். நேர்த்தையல் மட்டும்தான் வரும். ஆனால் வேகம் உங்கள் காலில் இருப்பதால் கை பழகும்வரை துணி ஓடிவிடாது. பிறகு வேண்டுமானால் மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். பழுது பார்க்கவும் தெருவுக்குத் தெரு ஆள் கிடைப்பார்.

ஜிக்ஜாக் (கோணல்மாணலாகப் போகும் தையல்), காஜா (பட்டன் துளை), டி-சர்ட் துணி என்று ஆசை விரிந்தால் மின்சார மெஷின் வேண்டும். அதற்குக் கூடுதலாகச் சேமிக்க வேண்டியிருக்கலாம். கையடக்கப் பிளாஸ்டிக் மெஷின் பக்கம் போகாதீர்கள். அதில் பெரும்பாலும் சங்கிலித் தையல்தான் விழும். ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். நான் வாங்கியது ஒரு தலையணை உறையைக்கூட முடிக்கவில்லை.

வாங்கும்போது உங்கள் துணியையே எடுத்துப்போய்த் தைத்துப் பாருங்கள். பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, ஜீன்ஸுக்கு 16. பெசன்ட் நகர் போலக் கடலோரத்தில் வீடு என்றால் வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டு, மூடி வையுங்கள். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது.