மீன் வியாபாரத்தில் வருமான வரியைச் சட்டப்படி குறைக்க முடியுமா?

பாம்பனில் மீன், நண்டு வாங்கிக் கம்பெனிக்கு விற்கிறீர்கள், வருட விற்பனை ஒரு கோடி, வரியை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உத்தேச வருமான முறையைப் பாருங்கள். விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் கணக்குப் புத்தகம் இல்லாமலே 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும். ஒரு கோடியும் வங்கியில் வந்தால் 6 லட்சம்தான். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வரி கிடையாது, ரிட்டர்ன் போட்டால் சரி. உண்மையில் லாபம் அதிகம் நின்றால் அதையே காட்டுங்கள். நாளை கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பதும் அதைத்தான். கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவருக்கு இந்த உத்தேச முறை இல்லை.

லாபம் இந்த 6, 8 சதவீதத்தைவிடக் குறைவு என்று கணக்கு எழுதப் போனால் ரொக்கத்தில் கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏறாது. மீனவரிடம் நேரடியாக வாங்கினால் விலக்கு உண்டு. கரையிலேயே மீனைத் தரம் பிரித்து விற்கும் மீனவர் தலைவருக்கும் அது பொருந்தும் என்று 2008-ல் சுற்றறிக்கை வந்தது. இடைத்தரகருக்குப் பொருந்தாது. அதனால் வாங்கும்போதே சீட்டில் மீனவர் பெயர், படகு எண், எடை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.