மென்பொருள் வேலையில் இருந்து அரசியல் கட்சியின் இணையப் பிரச்சாரத்துக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? அனுபவம் எப்படி?

நான் போயிருக்கிறேன். திட்டம் போட்டெல்லாம் போகவில்லை. எழுத்துருதான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது.

2004-ல் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் புரோகிராமர். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகளை யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும் பொது முறைக்கு, மாற்ற வேண்டும், அதுதான் வேலை. 1999 தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று எழுத்துக்கு எண் கொடுக்கும் இரண்டு குறியாக்கங்களை ஏற்றிருந்தது. வெளியே திஸ்கி, பாமினி என்று ஆளுக்கொன்று. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வெறும் குப்பை. பெரிய தலைவலி கொம்புதான். பாமினியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். யூனிகோடிலோ க முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டே இரண்டு வருடம் ஓடியது.

அப்புறம் வலைப்பதிவு, அதைக் காட்டி ஒரு செய்தித் தளத்தில் வேலை. அங்கே கற்றது ஒன்றே ஒன்று: தலைப்பின் முதல் நான்கு சொல்லில் விஷயம் இல்லையென்றால் ஆள் அடுத்ததுக்குப் போய்விடுவார்.

2016 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகக் கூப்பிட்டார்கள். பெரிய வியூகம் வகுக்கப் போகிறேன் என்று நினைத்துப் போனால், கையில் கிடைத்தது போன் எண்கள் நிறைந்த ஒரு எக்செல் கோப்பு. வாட்ஸப் குழுவில் அப்போது 256 பேர்தான் சேர்க்க முடியும். தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். வாக்குச்சாவடிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர், காலை ஏழு மணிக்கு ஒரு படம். இணையப் பிரச்சாரம் என்று வெளியே பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் இந்த எண்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா வேலைதான்.

ஒரு நாள் டிசைனர் தம்பி பழைய போட்டோஷாப்பில் யூனிகோடை அப்படியே ஒட்டிவிட்டான். வேட்பாளர் பெயரில் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டம். நாற்பது குழுக்களுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். "பெயரையே எழுதத் தெரியாதவர்" என்று எதிரணி மதியத்துக்குள் மீம் போட்டுவிட்டது. பன்னிரண்டு வருடம் கொம்போடு மல்லுக்கட்டியவன் இருந்த அணியில்!

அதே கண் ஒருமுறை உதவியது. ஒரு டிவியின் லோகோ போட்ட நியூஸ் கார்டைக் கொண்டுவந்து, "அண்ணே, போட்டுடலாமா?" என்றான் ஒருவன். எதிர் வேட்பாளர் சொன்னதாக ஒரு வரி. அந்தச் சேனல் பயன்படுத்தும் எழுத்துருவில் 'ழ'வின் சுழி வேறு மாதிரி இருக்கும். போலி என்று பார்த்தவுடனே தெரிந்தது. வேண்டாம் என்றேன். சாயங்காலம் அதே கார்டு எங்கள் குடும்பக் குழுவில் மாமா வழியாக எனக்கே வந்தது. 2018-ல் வாட்ஸப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுக்கு என்று குறைத்தபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் ஆட்கள் படத்தைச் சேமித்து, புதிதாக ஏற்றி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள்.

விதிகளையும் படித்துவிட்டுப் போங்கள். சமூக ஊடக விளம்பரம் மட்டுமல்ல, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளமும் வேட்பாளரின் தேர்தல் செலவுக் கணக்கில் சேரும் என்று தேர்தல் ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2016-ல் அந்தச் செலவுக்கு உச்சவரம்பு 28 லட்சம். என் சம்பளம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது மறுபடியும் மென்பொருள்தான். நீங்கள் போவதாக இருந்தால் சம்பளத்தை மாதாமாதம் கையில் வாங்கிவிடுங்கள். 'எண்ணிக்கை முடியட்டும், சேர்த்துத் தருகிறோம்' என்பார்கள். எங்கள் ஆள் தோற்றுவிட்டார், எனக்கு இரண்டு மாதப் பாக்கி இன்னும் இருக்கிறது.