கேளுங்கள் சிஸ்டர்: பிரசவ வார்டில் யாரை என்னவென்று கூப்பிடுவது?

போன இதழில், பிள்ளை பெறும் திருநம்பிகளையும் (பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்கிறவர்கள்) மனதில் வைத்து, பரிசோதனைப் படிவங்களில் ‘கர்ப்பிணிப் பெண்’ என்பதோடு ‘கர்ப்பமாக இருப்பவர்’ என்றும் ஒரு வரி இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆனது. பாதிக் கடிதங்களில் கோபம், மீதியில் வருத்தம். முப்பத்தொரு வருடம் பிரசவ வார்டில் நின்றவள் என்ற முறையில், என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ‘தாய்’ என்ற வார்த்தையையே தடை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது. நான் மூன்று பிள்ளை பெற்றவள். என்னைப் போய் ‘பிரசவிக்கும் நபர்’ என்று கூப்பிட்டால் கோபம் வராதா? – ஒரு வாசகி

வரும். எனக்கும் வரும். ஆனால் நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் பிரைட்டன் வட்டார அரசு மருத்துவமனைகள் தங்கள் பிரசவப் பிரிவு ஊழியர்களுக்காக ஒரு மொழி வழிகாட்டியை வெளியிட்டன. பொதுவாக எழுதும் இடங்களில் ‘பெண்கள்’ என்பதோடு ‘நபர்கள்’ என்றும் சேர்த்து எழுதுங்கள் என்றது அது. ‘பெண்’, ‘தாய்’ என்ற சொற்களை எடுக்கச் சொல்லவில்லை. கட்டிலில் இருக்கும் பெண்ணிடம் எப்போதும் போலப் பேசலாம். சேர்க்கச் சொன்னதுதான் ஊர் ஊராகப் போய் ‘தடை’ ஆகிவிட்டது.

அதற்காக உங்கள் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே வருடம் செப்டம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழின் அட்டையில் ஒரு வாக்கியம் வந்தது. யோனி உள்ள உடல்களின் உடற்கூறும் இயக்கமும் வரலாறு நெடுகப் புறக்கணிக்கப்பட்டிருக்கின்றன என்பது அதன் பொருள். புறக்கணிக்கப்பட்டது பெண்களின் உடல். அந்த அநியாயத்தைச் சொல்ல வந்த வாக்கியத்திலேயே பெண்ணைக் காணோம். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த வருடத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் இதே பேச்சு எழுந்தது. பெண் அமைச்சர்களுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கொடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதில் ‘கர்ப்பமாக இருக்கும் நபர்’ என்று இருந்தது. பிரபுக்கள் சபையில் பலமான எதிர்ப்பு வந்ததால், ‘தாய் அல்லது தாயாகப் போகிறவர்’ என்று மாற்றித்தான் சட்டமாக்கினார்கள்.

உங்களைத் தாய் என்றே கூப்பிட வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை வேறு மாதிரி கூப்பிட்டால் அதில் உங்கள் தாய்மை ஒரு துளியும் குறையாது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அறிவிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று ‘கர்ப்பப்பை வாய் உள்ள அனைவரும் வரவும்’ என்று எழுதினேன். சரிதானே சிஸ்டர்? – இளம் செவிலியர்

உங்கள் மனசு சரி, வாக்கியம் சரியில்லை. அதை மாற்றுங்கள் அம்மா.

வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் இருக்கும். இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினேன். முடிந்ததும் நடு வயது அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனார். “எனக்கு வாயில புண்ணு எதுவும் இல்லையே சிஸ்டர், நானும் வரணுமா?” என்று கேட்டார். நான்கு பிள்ளை பெற்றவர். நான்கு முறையும் அந்த வாய் விரிந்துதான் குழந்தை வெளியே வந்தது. அப்படி ஓர் உறுப்பு தனக்கு இருப்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அரை மணி நேரம் பேசியும் அவருக்குப் புரிகிற மாதிரி நான் சொல்லவில்லையே என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் ஒரு பலூனை ஊதிக் கொண்டுபோய், அதன் கழுத்தைக் காட்டி விளக்கினேன். அப்புறம்தான் “ஓ, அங்கேயா” என்றார்.

உங்கள் அறிவிப்பைப் பார்த்தால் அந்த அம்மா வர மாட்டார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வைத்த இலக்கு, பெண்களில் 70 சதவீதம் பேருக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் இந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்பது. ‘பெண்களே’ என்று கூப்பிட்டால்தான் அந்தக் கூட்டம் வரும். ஆகவே முதல் வரியில் பெரிய எழுத்தில் ‘பெண்கள்’ என்று போடுங்கள். வயதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த வரியில் ‘கர்ப்பப்பை உள்ள திருநம்பிகளும் வரலாம், தனியாகப் பார்க்கிறோம்’ என்று எழுதுங்கள். அந்த இரண்டாவது வரியை ஒப்புக்கு எழுதியதாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் மருத்துவரிடம் ஆண் என்று பதிந்துகொண்ட திருநம்பிக்கு இந்தப் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் தானாகப் போகாது. கர்ப்பப்பை வாய் இருக்கிறது, புற்றுநோய் வரலாம், கடிதம் மட்டும் வராது.

நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள், இப்போது ஆணாக வாழ்கிறேன். ஏழு மாதக் கர்ப்பம். செக்கப்புக்குப் போனால் “அம்மா, உள்ள வாங்க” என்று சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் எல்லோரும் திரும்பி என் தாடியைப் பார்க்கிறார்கள். இனிமேல் போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது, சிஸ்டர். – பெயர் வேண்டாம்

தம்பி, முதலில் ஒன்று. செக்கப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். ஏழாவது மாதத்துக்கு மேல் ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் அது கூடாது. (படிக்கும் மற்ற தம்பிகளுக்கும் சொல்கிறேன்: அந்த மருந்தால் மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு உண்டாகலாம். அது கருத்தடை ஆகாது.)

அடுத்தது, ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் நடந்தது. 2019-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மருத்துவர்களே எழுதினார்கள். 32 வயது திருநம்பி ஒருவர் கடுமையான வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார். பதிவேட்டில் ‘ஆண்’. வீட்டில் செய்த பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததையும் சொல்கிறார். உடல் பருமன் உள்ளவர், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவர், வலி அதனால் இருக்கும், அவசரமில்லை என்று முடிவு செய்கிறார் அங்கிருந்த செவிலியர். சில மணி நேரம் கழித்து மருத்துவர் பார்த்தபோதுதான் அது பிரசவ வலி என்று தெரிகிறது. குழந்தை இறந்தே பிறந்தது.

அந்தச் செவிலியரை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். கெட்டவராக இருந்திருக்க மாட்டார். ‘ஆண்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் கண் அதற்கு மேல் போகவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், கேஸ் ஷீட்டில் இரண்டும் இருக்க வேண்டும். நீங்கள் ஆண் என்பதும், உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, இத்தனை வாரக் கர்ப்பம் என்பதும். இதில் ஒன்றை மறைத்து இன்னொன்றை எழுதினால் ஆபத்து. எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் வாசலில் சொல்லும் முதல் வாக்கியம் “நான் கர்ப்பமாக இருக்கிறேன்” என்பதாகவே இருக்கட்டும்.

கூப்பிடும் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை போகும்போது, கூட்டம் சேர்வதற்கு முன் பொறுப்பு சிஸ்டரிடம் போய், “ஷீட்டில் என் பெயரையும், ‘சார்’ என்று கூப்பிட வேண்டும் என்பதையும் மேலே எழுதிவிடுங்கள்” என்று கேளுங்கள். டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாலும் போதும். பெரும்பாலும் கேட்பார்கள். வேண்டுமென்றே ‘அம்மா’ என்கிறவர்கள் குறைவு, பழக்கம்தான். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. பிரசவ அறையில் “முக்கும்மா, நல்லா முக்கு, தலை தெரியுதும்மா” என்று ஆயிரக்கணக்கான முறை சொன்ன வாய் இது. ஒரு நாள் ஒரு திருநம்பிக்குப் பிரசவம் பார்த்தேன். ஒவ்வொரு வலிக்கும் ‘அம்மா, அம்மா’ என்றேன். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியில் திரும்புகிறார் என்று நினைத்தேன். வலி விட்ட இடைவெளியில், “சிஸ்டர், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்களேன்” என்றார். அவ்வளவு மெதுவாக. கூப்பிட்டேன். “முக்குங்க, விடாதீங்க, இன்னும் ஒரே ஒரு தடவை” என்றேன். அதற்குப் பிறகு என் கையை அவர் விடவில்லை, குழந்தை அழும் வரைக்கும்.

யோசித்துப் பார்த்தால், நம் தமிழில் எதிரே இருப்பவரிடம் பேச ஆண்பால், பெண்பால் தேவையே இல்லை. ‘நீங்கள்’, ‘வலிக்கிறதா’, ‘மூச்சை இழுங்கள்’ எல்லாம் எல்லோருக்கும் பொருந்தும். ‘மகப்பேறு’ என்ற சொல்லிலும் பிள்ளை இருக்கிறது, பெற்றவர் ஆணா பெண்ணா என்பது இல்லை. மாற்ற வேண்டியது அந்த ‘ம்மா’ மட்டும்தான்.

பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதுவார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் ஃப்ரெடி மெக்கானல் என்ற திருநம்பி, தன் பிள்ளைக்குத் தந்தை என்று பதியக் கேட்டு வழக்குப் போட்டார். பெற்றெடுத்தவர் யாராக இருந்தாலும் சட்டப்படி ‘தாய்’தான் என்று 2019-இலும், மேல்முறையீட்டில் 2020-இலும் தீர்ப்பு வந்தது. கேரளத்தில் 2023-இல் ஸஹத், ஸியா இணையருக்குக் குழந்தை பிறந்தது. பெற்றவர் திருநம்பி ஸஹத். தாய், தந்தை என்று பிரிக்காமல் ‘பெற்றோர்’ என்று சான்றிதழ் தரும்படி 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022-இல் கருக்கலைப்பு வழக்கொன்றில், ‘பெண்’ என்று தீர்ப்பில் சொல்வது கருக்கலைப்பு தேவைப்படும் மற்றவர்களையும் சேர்த்துத்தான் என்று எழுதியது. 2024-இல் இன்னொரு வழக்கில் ‘கர்ப்பமாக இருக்கும் நபர்’ என்றே எழுதியது. உங்கள் விஷயத்தை இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை வந்த பிறகு அலைய நேரம் இருக்காது.

‘தாய்ப்பால்’ என்பதை ‘மனிதப் பால்’ என்று மாற்றலாமா? – செவிலியர் மாணவர்

பொதுவாக எழுதும் இடங்களில் மாற்ற வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கு முதலில் அதன் சொந்தத் தாயின் பால், அது கிடைக்காவிட்டால் கொடையாக வந்த பால் என்றுதான் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ‘மனிதப் பால்’ என்று பாட்டிலில் எழுதினால் எது எதுவென்று எப்படித் தெரியும்? சொல் மாறுவதால் விவரம் தொலைகிறது என்றால் பழைய சொல்லே இருக்கட்டும். ஒரு திருநம்பி ‘மார்பில் பால் கொடுக்கிறேன்’ என்று சொல்ல விரும்பினால் அவரிடம் அப்படியே பேசுங்கள்.

எட்டாவது மாதத்தில் என் குழந்தை இறந்து பிறந்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கொடுத்த தாளில் ‘தாயின் பெயர்’ என்று ஓர் இடம் இருந்தது. எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் காலியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் தாய்தானா, சிஸ்டர்? – ஒரு வாசகி

ஆமாம் கண்ணு.

மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கி உங்கள் பெயரை எழுதுங்கள். தர மறுத்தால் பொறுப்பு மருத்துவரிடம் கேளுங்கள். பால் கட்டி வலித்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், அதற்கு வைத்தியம் உண்டு. பிள்ளைக்கு ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தீர்கள் என்றால், மனசு வரும்போது எனக்கு எழுதுங்கள். அந்தப் பெயரைச் சொல்லியே உங்களிடம் பேசுகிறேன்.