மூச்சைப் பிடித்தால் மனம் ஆறுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு வார இறுதி மூச்சு முகாமுக்குப் போனேன். படுக்க வைத்து, சத்தமாக இசை போட்டு, ஒரு மணி நேரம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். விரல்கள் மடங்கி இறுகிவிட்டன, காரணம் தெரியாமல் அழுதேன். "பழைய காயம் வெளியே வருகிறது" என்றார் பயிற்சியாளர். நிஜமா? – வாசகி, கோவை

பதில்: விரல் இறுகியதற்குப் பழைய காயம் காரணமில்லை, கார்பன் டை ஆக்சைடுதான். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் அது குறையும், ரத்தத்தின் காரத்தன்மை ஏறும், நரம்புகளுக்குப் பயன்படும் கால்சியம் குறைந்து விரல் மடங்கும், உதடு மரத்துப்போகும். மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை லேசாகி வேறு எங்கோ மிதக்கிற மாதிரி இருக்கும். இது யாருக்கும் நடக்கும், கவலையே இல்லாதவருக்கும்கூட.

அழுகை பொய் என்று சொல்லவில்லை. அந்த நிலையில் பிடி தளர்ந்து, அடக்கி வைத்தது வரலாம். ஆனால் வந்ததாலேயே ஆறிவிட்டது என்று ஆகாது, அப்புறம் அதைப் பற்றி உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். இந்த முறையைப் பிரபலமாக்கிய ஸ்தனிஸ்லாவ் கிராஃப், பிராகில் பிறந்த மனநல மருத்துவர். எல்எஸ்டி என்ற, மாயக்காட்சி தரும் போதைப்பொருளை வைத்து ஆராய்ந்தவர், அதற்குத் தடை வந்த பிறகு 1970களில் கலிஃபோர்னியாவில் மனைவி கிறிஸ்டினாவோடு சேர்ந்து இதை உருவாக்கினார். அவர்கள் முறையில் ஒருவர் மூச்சு விட, இன்னொருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார். கர்ப்பிணிகளையும் இதய நோய், வலிப்பு, கிளகோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களையும் சேர்ப்பதில்லை. உங்களிடம் இதையெல்லாம் கேட்டார்களா? கேட்காமலே படுக்க வைத்திருந்தால் அந்தப் பக்கம் மறுபடி போகாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 61, ரத்த அழுத்தம் உண்டு. திருமூலர் சொன்ன கணக்கில் பிராணாயாமம் செய்யலாமா? – வாசகர், திருச்சி

பதில்: அந்தக் கணக்கு பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை. மாத்திரை என்பது இங்கே கால அளவு. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தாலே ஒரு மூச்சுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகிறது! குருவின் பக்கத்திலிருந்து வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கானது அது, வீடியோ பார்த்து ஆரம்பிக்கிற விஷயமில்லை. உங்களுக்குக் கும்பகமே வேண்டாம், வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். மூக்கு வழியாக நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும் (சாதாரணமாக நமக்கு 12 முதல் 20 வரை). அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மூச்சோடு இசைந்து ஏறி இறங்கும். 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் அளந்து பார்த்தபோது, லத்தீன் ஜெபமாலை சொன்னாலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரம் சொன்னாலும் மூச்சு தானாக அந்த ஆறுக்கே வந்து நின்றதாம். சரி, ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மூச்சுப் பயிற்சி செய்யும்போது மனம் அடங்குகிறது, எழுந்தால் பழையபடி கோபம், பயம். எதில் தப்பு? – வாசகி, மதுரை

பதில்: தப்பே இல்லை. மூச்சு அடங்கியிருக்கும் வரைதான் மனமும் அடங்கியிருக்கும், அது வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டு அலையும் என்று ரமணரே 'நான் யார்?' நூலில் சொல்லியிருக்கிறார். யாருக்கு இந்த எண்ணம் வந்தது என்று கேட்டுப் பார்ப்பதுதான் அவர் காட்டிய நேர்வழி, மூச்சு அதற்குத் துணை மட்டுமே. விபாசனா தியான முகாமிலும் பத்து நாளில் முதல் மூன்று நாள்தான் மூச்சைக் கவனிப்பது, அதன்பின் உடலில் எழுகிற உணர்வுகளைத் துரத்தாமல் பார்ப்பது. அதனால் கோபம் வரும்போது மூச்சை மாற்றப் போகாமல் நெஞ்சிலா, தாடையிலா, எங்கே பிடிக்கிறது என்று மட்டும் கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள். பயம் தூக்கத்தையே கெடுக்கிற அளவுக்கு என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள், பத்து நாள் மௌன முகாமுக்கு அப்புறம் போகலாம்.